டேப்பின் நுனியைப் பிடித்தவன்

அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது. முப்பத்திநாலு வருஷம் தீவுக்குத் தீவு ஓடும் போட்டுகளில் லஸ்கராக இருந்தேன். ஜெட்டி என்கிற படகுத்துறை நெருங்கும்போது கயிற்றை வீசுவதும், கிளம்பும்போது அதை இழுத்துச் சுருட்டுவதும் என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நல்ல வேலை. ரிட்டயர் ஆனதும் எங்கள் தீவில், டாலிகஞ்சில் இருக்கிற வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மகள் பிரின்சி இண்டீரியர் டிசைன் படிக்கச் சென்னைக்குக் கப்பல் ஏறினாள்.

அவள் காலேஜில் முதல் வருஷம் இண்டீரியர் டிசைனும் ஆர்க்கிடெக்சருக்கான முன்படிப்பும் சேர்ந்து நடக்கும். வருஷக் கடைசியில் பிள்ளைகள் செய்த வேலையைப் பார்த்து, தேறியவர்களை ஆர்க்கிடெக்சருக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் இண்டீரியரிலேயே தொடர வேண்டும். பிரின்சிக்கு ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும். "வீட்டுக்குள்ள என்ன வைக்கிறதுன்னு இல்லப்பா, வீட்டையே நான் போடணும்" என்று கப்பல் ஏறும்போதே சொல்லிவிட்டாள். பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பிவிட்டு, லீவுக்கு வந்தவள் கையில் டேப்பைப் பார்த்ததும் பின்வாசல் வழியாக நழுவப் பார்க்கும் அப்பாமார்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பர்தா படிப்பு

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் மண்டல் தாதா, பெங்காலி (தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்). அவருக்கும் எனக்கும் பொது பாஷை இந்தத் தீவு ஹிந்திதான். மகள் மெயின்லேண்டில் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். எனக்கே அது சரியாகத் தெரியாது. வீட்டுக்குள் எதை எங்கே வைப்பது என்று படிக்கிறாள், வெளிச்சம், காற்று, அலமாரி, திரை எல்லாம் அதில் வரும் என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். திரை மாட்டுவதற்கும் காலேஜ் உண்டா என்று அவர் ஆச்சரியப்பட்டபோது கடையில் நாலு பேர் நின்றார்கள். அதன் பிறகு மூன்று மாதம் அந்தக் கடையில் நான் உப்புகூட வாங்கவில்லை. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அவர் கேட்டது இன்றைக்கும் சொல் பிசகாமல் காதில் இருக்கிறது:

"அரே லூர்து பாய், பர்தா லகானே கே லியே பி காலேஜ் ஹை க்யா?"

நாலு அங்குலப் படி

பூஜை லீவுக்கு வந்த பிரின்சி, அவரவர் வீட்டை அளந்து வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அப்படித்தான் நான் வேலையில் சேர்ந்தேன். டேப்பின் பெட்டி அவள் கையில், கொக்கி இருக்கும் நுனி என் கையில். அவள் எண்ணைப் படித்து எழுதுவாள். என் பக்கத்தில் எப்போதும் பூஜ்யம்தான். அடி, அங்குலம் என்றால் எனக்குப் புரியும். காலேஜில் எல்லாம் மில்லிமீட்டராம். எங்கள் ஹாலே ஆயிரக்கணக்கில் வந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஹாலிலிருந்து மாடிக்குப் போகும் படியை அளந்தபோதுதான் விஷயம் வந்தது. முதல் படி நாலு அங்குல உயரம், மற்ற எல்லாப் படியும் ஏழு. "இப்படி இருக்கவே கூடாதுப்பா, எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்கணும். இல்லாட்டி கால் தட்டும்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. பத்தொன்பது வருஷமாக நான் சொல்லிவந்ததை ஒரு காலேஜே ஒப்புக்கொள்கிறது! இந்த வீட்டைக் கட்டியவர் கருப்பையா, ராமநாதபுரத்துக்காரர், காண்ட்ராக்டர். புது வீட்டை மந்திரிக்கும் நாளில் சர்ச் சாமியாருக்குப் பின்னால் தீர்த்த வாளியோடு மாடி ஏறிய நான் இரண்டாவது படியில் தட்டி விழுந்தேன். பாத எலும்பு விண்டு நாற்பது நாள் மாவுக்கட்டு. அது பெரிதில்லை. விழுந்து கிடந்தவனைப் பார்த்து, வந்த ஜனம் முழுக்கக் கேட்கும்படி கருப்பையா சொன்னார்: "ஆடுற போட்டுல நடக்கிறவனுக்கு ஆடாத படியில நடக்கத் தெரியலையே!" சாமியார்கூடச் சிரித்தார். அன்றோடு கருப்பையாவிடம் பேச்சை நிறுத்தியவன்தான் நான்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, பிரின்சி கதவுகளுக்குப் போய்விட்டாள். மாடிக் கதவு ஆறே முக்கால் அடி, கீழே உள்ள கதவுகள் எல்லாம் ஆறரை. "பார்த்தியா, கதவுலயும் மரத்தைத் திருடியிருக்கான்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"அப்பா, நுனியை ஆட்டாதீங்க. உங்களுக்குக் கோபம் வந்தா மூணு மில்லிமீட்டர் கூடுது."

டாங்கி இல்லாத வீடு

கிறிஸ்துமஸுக்கு அவள் கப்பலில் வந்தபோது மடியில் ஒரு வீடு இருந்தது. அட்டையிலும் மெல்லிய மரச் சீவலிலும் செய்தது. மூன்று நாளும் கப்பலின் பங்க் படுக்கையில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தான் காலை மடக்கிப் படுத்து வந்திருக்கிறாள். பக்கத்துப் படுக்கைக்காரர் அதன் மேல் டிபன் கேரியரை வைத்துவிடாமல் பார்க்க, கேன்டீனுக்குப் போகும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஜெட்டியில் நான் கை நீட்டியதும் பெட்டியைக் கொடுத்தாள், பையைக் கொடுத்தாள், வீட்டைக் கொடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கயிறு வீசி போட்டைக் கட்டி நிறுத்தியவனை நம்பாத மகள்!

தெருவே வந்து பார்த்தது. ஜன்னல் திறந்து மூடியது. கூரையைத் தூக்கினால் உள்ளே கட்டில், மேஜை, விரல் நக அளவில் ஒரு நாற்காலி. அவளுக்குப் பாடம் எடுக்கும் காலேஜ் மேடமே நன்றாக இருக்கிறதென்று சொன்னாராம். மண்டல் தாதாவும் வந்தார். நான் அவரோடு பேசவில்லை, அவர் வந்ததைத் தடுக்கவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று காத்திருந்து பிடித்து வைக்கிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டார். பிரின்சி அன்று மத்தியானமே கூரை மேல் ஒரு தண்ணீர் டாங்க் ஒட்டினாள். நான் மறுநாள் அவர் கடையில் உப்பு வாங்கினேன். வீட்டைப் புகழ்ந்துவிட்டு, டாங்க் எங்கே என்று அவர் கேட்ட கேள்வி:

"கர் தோ அச்சா ஹை பேட்டி, லேகின் டாங்கி கிதர்?"

நடைபாதை

அதே லீவில், வீட்டில் ஜனம் நடக்கிற பாதை சரியில்லை என்று கண்டுபிடித்தாள். ஃபிரிட்ஜைக் கிழக்கே தள்ளினோம். என் ஈஸி சேரை ஜன்னலை விட்டு நகர்த்தினோம். மாதா படம் இருந்த மேடையை மட்டும், மாதாவைக் கேட்காமல் அரை அடி உயர்த்தினோம். டேப்பைப் பிடித்ததும் நான், சாமானைத் தள்ளியதும் நான். எல்லாம் முடிந்து அவள் சமையலறை வாசலில் வந்து, அடுப்பு இருக்கும் இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என் மனைவி ரீத்தா கரண்டியைக் கீழே வைக்காமலே திரும்பினாள்:

"அடுப்பை மட்டும் தொட்டுப் பாரு, லீவு முடியிற வரைக்கும் உனக்கும் உங்கப்பனுக்கும் டீக்கடைதான்."

ஆறு நாள்

வருஷக் கடைசி வேலை வந்தது. ஊரில் உள்ள பழைய மரவீடு ஒன்றை முழுக்க அளந்து, வரைந்து, அதன் மாடலையும் செய்து கொண்டு போக வேண்டும். ஆர்க்கிடெக்சரா இண்டீரியரா என்று தீர்மானிக்கப்போவது இதுதான். அதற்காகப் பத்து நாளைக்கு ஊருக்கு வந்தாள்.

முதலில் ஒரு பழைய அரசாங்க பங்களாவைப் பார்த்தோம். அனுமதி கொடுக்க வேண்டியவர் மெயின்லேண்டில் லீவில் இருந்தார். அடுத்து மாயாபந்தரில் ரீத்தாவின் சொந்தக்காரர் வீடு. நாள் முழுக்க பஸ்ஸில் போய் இறங்கினால், மரத்தையெல்லாம் பிரித்துவிட்டு சிமெண்ட் கல்லால் கட்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். "எப்படி இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டார்கள். பிரின்சி அழுகையை அடக்கிக்கொண்டு "நல்லா இருக்கு சித்தி" என்றாள். திரும்பி வந்தபோது மிச்சம் ஆறு நாள்.

நடந்துபோகும் தூரத்தில் ஒரு மரவீடு உண்டு. தூண் மேல் தூக்கி நிறுத்திய வீடு. தூண், பலகை, படி எல்லாம் எங்கள் தீவில் விளையும் படாக் மரம், தகரக் கூரை. முன்பு காட்டிலாகாவில் இருந்த யாரோ கட்டியது. இப்போது அதில் இருப்பவர் கருப்பையா. ஊருக்கெல்லாம் காங்கிரீட் போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் மரத்தில் படுத்துத் தூங்குகிறார். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் மெயின்லேண்டில். பிரின்சி போய்க் கேட்டதும் தாராளமாக அளந்துகொள் என்றிருக்கிறார். ஆனால் அவருக்கு முட்டி வலி, ரீத்தாவுக்குத் தோள் வலி. நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

முடியாது என்றேன். பிரின்சி கெஞ்சவில்லை. ஒரு செங்கல்லை டேப் நுனி மேல் வைத்து அளந்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். செங்கல்லுக்கு நான் சமமா என்று நான் வாசலில் கத்திக்கொண்டிருந்தபோது, ரீத்தா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க எலும்பு நாப்பது நாள்ல கூடிருச்சு. அவளுக்கு இருக்கிறது ஆறு நாள். எது பெருசுன்னு நீங்களே அளந்துக்கோங்க."

எதிரி வீட்டில்

போனேன். கருப்பையா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. பேச்செல்லாம் பிரின்சி வழியாக நடந்தது. "தாயி, அந்தப் பலகை இளகிக் கிடக்கு, உங்கப்பாவை அதுல கால் வைக்க வேண்டாம்னு சொல்லு" என்பார். இரண்டடி தூரத்தில் நிற்கும் நான், "பார்த்துத்தான் நிக்கிறேன்னு சொல்லும்மா" என்பேன். அவள் இரண்டு பக்கமும் சொல்லவில்லை. எண்ணை எழுதிக்கொண்டே போனாள்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. நான்காம் நாள் மரப்படிக்கு வந்தோம். எல்லாம் ஒரே உயரம். படியை எப்படி வரைவது என்று காட்டுவதற்காக, பூஜை லீவில் வரைந்த எங்கள் வீட்டுத் தாளை எடுத்து அவர் மடியில் விரித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். தான் கட்டிய வீட்டைத் தாளில் பார்க்கிற ஆசை என்று நினைத்தேன். பிறகு விரலை வைத்துக் காட்டினார். "தாயி, கீழ்க் கதவு ஆறரை, மேல் கதவு ஆறே முக்கால். மூணு அங்குலம் குறையுது. முதல் படி நாலு, மத்ததெல்லாம் ஏழு. அங்கயும் அதே மூணு அங்குலம். நான் போட்ட கதவு எல்லாம் ஒரே அளவு, போட்ட படி எல்லாம் ஏழு. இந்த மூணு அங்குலம் எங்க போச்சுன்னு உங்கப்பாவோட தரையைக் கேளு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடு முடிந்து பூசியதும் கருப்பையா ஒரு ரிசார்ட் வேலைக்காக ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டார். அந்த மாதம் முதல் மழைக்கு ஹாலில் தண்ணீர் ஏறியது. நான் வேறொரு கொத்தனாரை வைத்து, தரையில் மண் அடித்து, மேலே டைல்ஸ் போட்டு மூன்று அங்குலம் உயர்த்தினேன். கதவு திறக்கவில்லை என்று அடியில் அறுத்ததும் நான் சொல்லித்தான். படியை யாரும் நினைக்கவில்லை. தரை ஏறியது, முதல் படி குட்டையானது. மந்திரிப்புக்கு ஹேவ்லாக்கிலிருந்து நேராக வந்த கருப்பையாவுக்கு இது எதுவும் தெரியாது. எதையும் மறக்காதவன் என்று பேர் வாங்கிய நான் இந்த ஒன்றை மட்டும் சுத்தமாக மறந்திருக்கிறேன்.

பிரின்சி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த நுனி நழுவி, டேப் சர்ரென்று பெட்டிக்குள் ஓடியது. பத்தொன்பது வருஷம் கழித்துக் கருப்பையா என் முகத்தைப் பார்த்துப் பேசினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நுனியை விட்டுராத லூர்து, உன் மக இன்னும் அளந்து முடிக்கலை."

என் காது

சாப்பிட உட்கார்ந்ததும் ரீத்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். தரையை உயர்த்தினோமே, அதனால்தான் படி குட்டையாகிவிட்டது போலிருக்கிறது என்றேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவள் அதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கருப்பையா வீட்டுக்குக் கேக் எங்கள் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரீத்தா சொன்னது:

"நான் அன்னைக்கே சொன்னேன். கால் வலியில கத்திக்கிட்டு இருந்தீங்க, காதுல விழல. அப்புறம் உங்களுக்கும் கோவிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல, சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இரண்டு ஆண்கள்

வேலை ஆறாம் நாள் முடிந்தது. மாடலுக்கு வேண்டிய படாக் மரச் சீவலைக் கருப்பையாவே இழைத்துக் கொடுத்தார். இந்த முறை ஜெட்டியில் பிரின்சி மாடலை என் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். மேலே போய் நின்று கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

காலேஜில் அந்த மேடமோடு சேர்த்து மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்களாம். தூணையும் பலகையும் எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். வரைபடத்தில் கூரை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக ஆள் உருவம் போடுவது வழக்கமாம். இவள் கூடத்தில் இரண்டு பேரைப் போட்டிருக்கிறாள். ஒருவர் நாற்காலியில், ஒருவர் சுவரோரம் கையை உயர்த்திக்கொண்டு. அவளை ஆர்க்கிடெக்சருக்கு எடுத்துக்கொண்டார்கள். போனில் அதைச் சொல்லி அழுதாள். நான் அழவில்லை, கப்பல்காரனுக்குக் கண்ணில் உப்புக் காற்று பட்டால் அப்படித்தான் இருக்கும். கடைசியாக அந்த மேடம் வரைபடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக் கேட்டாராம்:

"எல்லாம் சரி, இந்த ரெண்டு பேரும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம இருக்காங்க?"

இரண்டாவது படி

மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எனக்கு வராது. சூரை மீன் குழம்பு வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நானே போய்க் கருப்பையாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "எதுக்கு?" என்றார். "மகளுக்கு இடம் கிடைச்சிருக்கு, அதுக்கு" என்றேன். "அதுக்கு மட்டும்தானா?" என்றார். "குழம்பு நிறைய இருக்கு" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பத்தொன்பது வருஷம் கழித்து எங்கள் வீட்டு வாசற்படி ஏறினார். தரையைக் காலால் தட்டிப் பார்த்தார், கதவின் அடியைத் தடவிப் பார்த்தார். இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார். பிறகு, பிரின்சி வரைந்த தன் வீட்டுப் படத்தின் நகலை நாங்கள் மாடியில் மாட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். முட்டி வலி இருக்கிறதே என்றாள் ரீத்தா. என் வீட்டைப் பார்க்க எனக்கு என்ன வலி என்று முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். முதல் படியில் காலை வைத்தார். இரண்டாவது படியில் தட்டியது. மனுஷன் முன்னுக்குச் சாய்ந்தார். கயிறு பிடித்த கை சும்மா இருக்குமா? சட்டைக் காலரையும் முழங்கையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவிட்டேன்.  அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்கி, திரும்பி ரீத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்:

"எவன்யா இந்தப் படியைக் கட்டினது?"

அளவெடுக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், மனுஷன் நிம்மதியாக ஒரு பகையைக்கூட வைத்துக்கொள்ள முடியாது.